‘இல்லாவிட்டால்’ எழுதாத லூப்

1

இந்தப் பங்குனியோடு நான் இந்தக் கம்பனியில் சேர்ந்து பத்து வருடம். சுவீடன்காரர்கள் இதற்கு ஒரு கேக் வெட்டுவார்கள். வெட்டினார்கள். கேக்கின் மேல் கிரீமில் என் பெயர், அதில் இரண்டு எழுத்துப் பிழை. பிழையான துண்டுகளை நானே முதலில் தின்றேன். பிறகு எல்லோரும் தங்கள் மேசைக்குப் போய்விட்டார்கள். நானும் என் கதிரையில் உட்கார்ந்து, காலையில் பாதியில் விட்ட புரோகிராமைத் திறந்தேன். கொம்பியூட்டர் அதை ஏற்க மறுத்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒருவன் எழுதுகிறான் என்றால் பனி, தனிமை, கறிவேப்பிலை கிடைக்காத துயரம் என்று எதிர்பார்ப்பீர்கள். கறிவேப்பிலை இங்கே லெபனான்காரன் கடையில் கிடைக்கிறது. பனிக்குச் சப்பாத்து இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு லூப்பைப் பற்றி. கண்டியில் நான் எழுதிய ஒரு லூப்பால் ஒரு மனிதன் மூன்று வருடம் உள்ளே இருந்தான். பெயர் சிவநேசன். என் நண்பன். இப்போது என் வீட்டிலிருந்து மூன்று ட்ராம் தரிப்பு தள்ளி இருக்கிறான்.

அவனை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று இங்கே குடிவரவுக் கந்தோர் நாலு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தது. கண்டியில் உன்னை ஏன் பிடித்தார்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அவனுக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு விசாரணைக்கும் துணைக்கு என்று அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

உச்சுக் கொட்ட வேண்டாம். முழுவதையும் வாசித்துவிட்டுக் காறித் துப்பலாம்.

2

லூப் என்றால் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. ஆயிரம் படிவம் இருந்தால் ஒன்றை எடு, பார், வை, அடுத்ததை எடு. நான் கண்டியில் படித்த பழைய மொழிகளில் இதற்குப் பெட்டிகள் உண்டு. ஒரு பெட்டிக்கு K என்று பெயர் வைப்போம். அதற்குள் 0 போடுவோம். பிறகு அதை அழித்துவிட்டு 1 போடுவோம். நாம் மாற்றாமல் விட்டால் முந்தின சுற்றில் போட்டது அப்படியே கிடக்கும். ஏன் கிடக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

என் கம்பனி ட்ராம், பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பனி. போன வருடம் எல்லாவற்றையும் ஒரு புது மொழிக்கு மாற்றத் தொடங்கினார்கள். சுத்தமான ஃபங்ஷனல் மொழி என்று அதற்குப் பெயர். அதில் பெட்டி கிடையாது. K என்பது 0 என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அது கடைசிவரை 0. அழிக்க ரப்பர் கிடையாது.

முதல் கிழமை நான் பழக்கதோஷத்தில் ‘x என்பது x கூட்டல் ஒன்று’ என்று எழுதினேன். பழைய மொழியில் அதற்கு ‘ஒன்றைக் கூட்டு’ என்று அர்த்தம். இங்கே கொம்பியூட்டர் x என்ன என்று பார்க்கப் போனது. அது x கூட்டல் ஒன்று என்று கண்டது. சரி, அந்த x என்ன என்று மறுபடி பார்க்கப் போனது. நான் கோப்பி குடித்துவிட்டு வந்தபோதும் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து மேசையில் எலின் என்று ஒரு பெண், என் பாதி வயது, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானும் சிரித்தேன். பிழைக்க வந்தவனுக்கு வேறு வழி என்ன.

பழைய பாணி லூப்பை இந்த மொழியிலும் எழுத வழி இருக்கிறது. என்னைப் போலப் பழைய ஆட்கள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்வார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கையில் இருப்பதை ஒரு மூட்டையாகக் கட்டி அடுத்த சுற்றுக்குக் கொடுப்பது. அடுத்த சுற்று அதை வாங்கி, வேலையைச் செய்து, புது மூட்டை கட்டி அதற்கடுத்ததுக்குக் கொடுக்கும். பார்வைக்குப் பழைய லூப் மாதிரியே இருக்கும். ஒரே வித்தியாசம், என்ன கொடுக்கிறாய் என்பதை ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். ‘இப்படி இருந்தால் இதைக் கொடு’ என்று எழுதினால் ‘இல்லாவிட்டால் எதைக் கொடு’ என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் புரோகிராம் ஓடாது. தொடங்கவே தொடங்காது.

கேக் வெட்டிய அன்று கொம்பியூட்டர் மறுத்தது அதைத்தான். நான் ஒரு லூப் எழுதி, அதில் K என்று ஒன்றைச் சுற்றுக்குச் சுற்று தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒரு இடத்தில் ‘இல்லாவிட்டால்’ இல்லை. எலின் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“இது இல்லாவிட்டால் K என்ன?” என்று கேட்டாள்.

“முந்தினதுதான்” என்றேன்.

“முந்தினது வேறு ஆளுடைய கணக்கு. அதை ஏன் இவருக்குக் கொடுக்கிறீர்கள்?”

அவள் ட்ராம் சாரதிகளின் வேலை நேரத்தைப் பற்றித்தான் கேட்டாள். நான் மலசலகூடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

3

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். அப்பா கணக்கப்பிள்ளை. நாடில்லாதவர்கள் என்று வைத்திருந்த எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி வந்தபோது நான் மீசை வைத்துவிட்டேன். கண்டி டவுனில் ஒரு மாடிப்படி ஏறினால் இரண்டு அறையில் கொம்பியூட்டர் வைத்து, கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் டைப் அடித்து அச்சடித்துக் கொடுக்கும் ஒரு இடம் அப்போது இருந்தது. அங்கே எனக்கு வேலை. தோட்டத்துப் பையன் கொம்பியூட்டரில் வேலை செய்கிறான் என்று அம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

மனைவியும் ஒன்றரை வயதுப் பிள்ளையும் தெல்தோட்டையில். கிழமை நாட்களில் நான் கண்டியில் ஹமீது நானா வீட்டு மாடியில் போர்டிங். என்னோடு ஒரே அறையில் சிவநேசன். யாழ்ப்பாணத்தான், கணக்கு வாத்தி, ஒன்பது வருடமாகக் கண்டி டியூட்டரிகளில் படிப்பித்துக்கொண்டிருந்தான். நான் “வாங்க போங்க” என்று பேசினால் “என்னடாப்பா, பொம்பிளை பாக்க வந்த மாதிரிக் கதைக்கிறாய்” என்பான். ஒரு மாதத்தில் மச்சான் ஆகிவிட்டோம்.

சண்டை நடந்த காலம். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் படிவம் நிரப்பிப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் படிவம் சேர்ந்துவிட்டது. வடக்குக் கிழக்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் புதிதாக வந்தவர்களை மட்டும் பிரித்துத் தரவேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் வேலை வந்தது. முதலாளி என்னிடம் தந்தார். நான் ஓகே சேர் என்றேன்.

பட்டியல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது எனக்குப் பதினேழு வயது. யார் கடை எது என்று கடதாசியைப் பார்த்துப் பார்த்து வந்தார்கள் என்று அப்பா சொன்னதைக் கேட்டவன் நான். தெரிந்துதான் எழுதினேன். கெட்டிக்காரத்தனமாக எழுத வேண்டும் என்றுதான் அப்போது மண்டைக்குள் இருந்தது. மூன்று நாளில் முடித்தேன். முதலாளி முதுகில் தட்டினார். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

லூப் இப்படி. நிரந்தர முகவரி வடக்குக் கிழக்கு இல்லை என்றால் K-யை 0 ஆக்கு. வடக்குக் கிழக்காக இருந்து, வந்து ஆறு மாதத்துக்குள் என்றால் K-யை 1 ஆக்கு. கடைசியில் K 1 ஆக இருந்தால் பெயரை அச்சடி. அடுத்த ஆளை எடு.

வடக்குத்தான், ஆனால் வந்து ஒன்பது வருடம் என்றால்? அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. K முந்தின ஆளுக்கு என்னவோ அதுவாகவே நிற்கும். ஐம்பது படிவம் போட்டுச் சோதித்தேன், சரியாகத்தான் வந்தது. கண்டியில் வடக்கு ஆட்கள் இருவர் அடுத்தடுத்து வருவது அபூர்வம். இடையில் ஒரு சிங்களப் பெயரோ தோட்டத்துப் பெயரோ வந்து K-யைத் துடைத்துவிட்டுப் போகும்.

அந்த மாதம் ஹமீது நானா வீட்டுக்கு ஒரு ரிட்டயர்ட் தபால் மாஸ்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண் ஒப்பரேசனுக்கு. எழுபத்தைந்து வயது, ஒரு கண்ணில் கட்டு. எங்கள் அறையிலேயே மூன்றாவது கட்டில். நானா படிவத்தை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இத நீங்களே நெரப்பித் தாங்க. எங்கட எழுத்தப் பாத்தா பொலிஸ் எங்களயே புடிச்சிட்டுப் போயிரும்.”

நானே நிரப்பினேன். அறையில் முதலில் இருந்தவன் சிவநேசன். அவனைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணக் கடிதத்திலும் வயதில் மூத்தவரைத்தானே முதலில் போடுவோம். பெரியவருக்கு மரியாதை என்று தபால் மாஸ்டரை முதல் வரியில் எழுதினேன். சிவநேசனை இரண்டாவது வரியில். என்னைக் கடைசியில்.

4

அந்தக் கிழமை நான் தெல்தோட்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சிவநேசன் சாரத்தோடு நின்று பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தான். பொலிஸ்காரர்கள் நான்கு பேர் மேலே ஏறி வந்தார்கள். அவர்களில் மூத்த அதிகாரியின் கையில் கடதாசி. இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட கொம்பியூட்டர் கடதாசி. பெயருக்கும் முகவரிக்கும் இடையில் விட்டிருந்த ஆறு வெற்றிடம்கூட என்னுடையது.

தபால் மாஸ்டரைப் பார்த்தார்கள். கண் கட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சீயா, இன்ன” என்றார்கள். தாத்தா, நீங்கள் இருங்கள். பிறகு சிவநேசன். அவன் அலுமாரியைத் திறந்து டியூட்டரிக் கடிதங்கள், பழைய படிவங்கள், ஒன்பது வருடத்தையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினான். அந்த அதிகாரி மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். பிறகு கடதாசியில் விரலை வைத்து, “கொம்பியூட்டர் எக்கட்ட வரதின்னே நே” என்றார். கொம்பியூட்டருக்குப் பிழைக்காது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பினார்.

“ரெண்டு மணித்தியாலத்தில வந்திடுவன். தேத்தண்ணியை மூடி வை” என்று சொல்லிவிட்டுச் சிவநேசன் போனான்.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போய்ப் புரோகிராமைத் திறந்தேன். பிழையைக் கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம் ஆனது. ஒரு வரி. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் K-யை 0 ஆக்கு. அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“என்ன செய்றே?”

“ஸ்பீடாக்குறேன் சேர்.”

“நல்லம்” என்றுவிட்டுப் போனார்.

அவர் வெளியே போனதும் பட்டியலை மறுபடி ஓட்டினேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொரு பெயர் குறைந்திருந்தது. ஒருவன் சிவநேசன். மற்றப் பத்துப் பேரை எனக்குத் தெரியாது. இந்தக் குறிப்பை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுவதற்கு அவர்களும் ஒரு காரணம். வத்தேகமையிலும் கட்டுக்கலையிலும் பேராதனை வீதியிலும் அந்த மாதம் உங்கள் வீட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுபோய், ஏன் என்று இன்றுவரை தெரியாமல் இருந்தால், அது நானாக இருக்கலாம்.

புதிய பட்டியலை எடுத்துக்கொண்டு அன்றே ஸ்டேசனுக்குப் போயிருக்கலாம். இதில் பிழை, இவர் பழைய ஆள், இதோ பாருங்கள் என்று காட்டியிருக்கலாம். ‘பட்டியலில் வேண்டுமென்றே பிழை விட்டாயா? நீயும் தமிழன்தானே?’ என்று கேட்டால்? கடதாசி கிடைத்து நாலு வருடம் ஆகாத தோட்டத்து ஆள் நான். பயந்தேன். அந்தப் பயத்துக்கு மேலே இன்னொன்றும் இருந்தது. வேலை போய்விடும். அம்மா பஸ்ஸில் வேறு எதையாவது பேச வேண்டி வரும்.

ஆகவே நான் சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நானா வீட்டம்மா கட்டித் தருவார், நான் கொண்டுபோய் ஸ்டேசன் மேசையில் வைப்பேன். “ஒயா ஹொந்த யாலுவெக்” என்று அந்த மேசைக்காரன் ஒருநாள் சொன்னான். நீ நல்ல நண்பன். வெள்ளிக்கிழமை போனபோது, அவரை இங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். பார்சலை நான் அப்படியே திரும்பக் கொண்டுவந்து தின்றேன்.

சனிக்கிழமை தெல்தோட்டைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, “அதான் திருத்திட்டீங்கள்ல, அப்புறம் என்னாத்துக்கு வெளிய சொல்லிக்கிட்டு. வாய மூடிக்கிட்டு இருங்க” என்றாள். கன காலம் நான் அவள் சொன்னதால்தான் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் சொன்னது சனிக்கிழமை. அவனைக் கொண்டுபோனது வெள்ளி. அவள்மேல் பழியைப் போட வழியில்லை.

அடுத்த வருடம் மேற்படிப்பு என்று ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு நான் சுவீடனுக்கு வந்துவிட்டேன்.

5

சிவநேசன் மூன்று வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தான். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. இடது காது கேட்காது. உள்ளங்கால் நிலத்தில் முழுதாகப் படாது, கொதிக்கிற மணலில் நடக்கிற மாதிரி நடப்பான். நாலு வருடத்துக்கு முன் ஏஜென்சிக்காரன் மூலம் இங்கே வந்து சேர்ந்தான். நானிருக்கிற ஊர் என்றுதான் வந்தான்.

கோயில் திருவிழா, பிறந்தநாள் எங்கே போனாலும் என்னை இழுத்துக்கொண்டு போய், “இவன் இல்லாட்டி நான் இல்லை. அந்த நேரம் ஸ்டேசன் வாசலுக்குச் சோறு கொண்டு வந்த ஒரே சீவன்” என்பான். ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் தட்டில் இருக்கும் வடையைப் பார்ப்பேன்.

கந்தோர் விசாரணைக்கு ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். சென்னைக்காரர். சிவநேசன் ஆமாம் என்பதற்கு “ஓம்” என்று சொன்னபோதெல்லாம் அவர், விண்ணப்பதாரர் பிரார்த்திக்கிறார் போலிருக்கிறது என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தாள். அன்றைக்குப் பிறகுதான் துணைக்கு வந்த என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

“உங்களை ஏன் பிடித்தார்கள்?”

“சும்மாதான் பிடிச்சவங்கள்.”

காரணம் இல்லாமல் என்று நான் சுவீடிஷில் சொன்னேன். அதிகாரி, காரணம் இல்லாமல் யாரையும் பிடிக்கமாட்டார்களே என்றாள். திருப்பிச் சொன்னேன்.

“எனக்கென்னண்டு தெரியும்? கண்டியில அஞ்சு நாள் வச்சிருந்தவங்கள். ஒருத்தனும் கை வைக்கேல்லை, சோறும் வந்தது. விடப்போறாங்கள் எண்டுதான் நினைச்சனான். ஆறாம் நாள் வானில ஏத்தி வேற இடத்துக்குக் கொண்டு போனவங்கள். எல்லாம் அங்கதான் நடந்தது.”

இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல், பிழையில்லாமல். மொழிபெயர்ப்பில் நான் சுத்தம்.

போன வருடம் பதில் வந்தது. அந்த மாதங்களில் கண்டியில் பிடிக்கப்பட்டவர்கள் புதிதாக வந்தவர்கள் மட்டுமே என்று எங்களுக்கு அறிக்கை இருக்கிறது. விண்ணப்பதாரர் அங்கே ஒன்பது வருடம் இருந்தவர். ஆகவே அவர் சொல்வது நம்பும்படியாக இல்லை.

நான் வாசித்துக் காட்டியபோது சிவநேசன் கெட்ட காதைத் தேய்த்தான். “பாத்தியே மச்சான், நான் பொய் சொல்லுறனாம்” என்றான். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இன்னும் மேல்முறையீடு இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னேன்.

6

கேக் வெட்டிய அன்று எலின் கேட்டதைச் சொன்னேன். ஒரு சின்னத் திருத்தம். அந்த மொழி என்னைப் பழைய K-யைக் கொடுக்க விடாது என்றில்லை. தாராளமாகக் கொடுக்கலாம். ‘இல்லாவிட்டால் முந்தின ஆளுடையதையே இவருக்கும் கொடு’ என்று என் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான். மறந்துவிட்டேன் என்று பிறகு சொல்ல இடம் வைக்காது. எலினுக்கு அது பெரிய வசதி. எனக்கு அப்படியில்லை.

அந்தக் கிழமை சிவநேசனின் வக்கீல் அழைத்தார். நீங்கள் ஒரே வீட்டில் இருந்தவர், இந்த ஒன்பது வருட முரண்பாட்டுக்கு ஏதாவது விளக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

இரண்டு பக்கம், சுவீடிஷில் எழுதினேன். படிவம், தபால் மாஸ்டர், K, பதினொரு பெயர். இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன், திருத்தினேன், யாருக்கும் சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். ஒரு ‘இல்லாவிட்டால்’ கூட வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஒரு வெறி. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அதுதான் இதில் மகா அசிங்கம்.

ஏனென்றால் நான் கணக்குப் பார்த்துத்தான் எழுதினேன். முடிவுக் கடிதத்தில் என் பெயர் வராது, சாட்சி என்று மட்டும்தான் இருக்கும் என்று வக்கீலிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். முடிவு சுவீடிஷில் வரும். சிவநேசனுக்குச் சுவீடிஷில் நன்றியும் பால் விலையும் மட்டும்தான் தெரியும். அவனுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது நான். அரசாங்கத்துக்கு உண்மை போகும், அவனுக்கு விசா வரும், எனக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு கையிலும் லட்டு.

“ஏங்க, அவருகிட்ட நேர்ல ஒரு வார்த்த சொல்லிற வேணாமா?” என்று மனைவி கேட்டாள்.

“விசா வரட்டும், பாப்போம்” என்றேன்.

7

முடிவு வருவதற்கு மூன்று மாதம் எடுத்தது. சிவநேசன் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. நான் வெண்டிக்காய் வாங்க லெபனான்காரன் கடைக்குப் போயிருந்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் தர்ஷினி மட்டும். என் மகள், பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் சுவீடிஷில் பதில் சொல்லி ஐந்து வருடம். சிவநேசனோடு மட்டும்தான் தமிழ். அவனுக்கு வேறு மொழி இல்லை என்பதால், பாவம் பார்த்து.

திரும்பி வந்தபோது வாசலில் அவனுடைய சப்பாத்து இருந்தது. குசினி மேசையிலிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

“நான் மெதுவாத்தான் சொல்லுவேன் மாமா, பிழை வந்தா சிரிக்கக் கூடாது” என்றாள்.

“நீ வாசி பிள்ளை.”

அவளுக்கு அவன், அவர் வித்தியாசம் தெரியாது. சுவீடிஷில் ராசாவும் ‘ஹான்’தான், கள்ளனும் ‘ஹான்’தான். பள்ளிக்கூட அதிபரையும் அவள் வந்தான் போனான் என்றுதான் சொல்வாள்.

“ஒரு சாட்சி இருக்கான். அவன் சொல்றான், அவன்தான் அந்தக் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதினான். அதுல ஒரு பிழை. அந்தப் பிழையாலதான் மாமாட பேரு லிஸ்ட்ல வந்துச்சு.”

கதிரை நகரும் சத்தம் கேட்டது.

“ஆர் பிள்ளை சாட்சி?”

“பேரு போடல்ல. மாமாவோட ஒரே ரூம்ல இருந்தவன்னு மட்டும் போட்டிருக்கு.”

தர்ஷினிக்குக் கண்டி தெரியாது. அந்த மாடி தெரியாது. நாங்கள் இருவரும் எங்கே பழக்கம் என்றுகூட அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் உள்ளே போய் அந்தக் கடதாசியைப் பறித்திருக்கலாம். கையில் பையோடு சப்பாத்துகளுக்கு நடுவில் நின்றேன்.

“சரி. வாசி” என்றான் சிவநேசன்.

“ரெண்டாவது நாள் அவன் அத கண்டுபிடிச்சான். சரிப்படுத்தினான். ஆனா யாருக்கும் சொல்லல்ல.” அவள் பக்கத்தைத் திருப்பினாள். “இப்ப முக்கியமானது வருது மாமா. கந்தோர் சொல்லுது, இது எல்லாம் பொருந்துது. மாமா பொய் சொல்லல்ல. மாமாவ நம்புறாங்களாம்.”

அவள் குரலில் சந்தோசம் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடேயே அடுத்த பந்திக்கும் போனாள்.

“அதனால... மாமாவப் புடிச்சது ஒரு டெக்னிக்கல் பிழை. அந்தப் பிழைய அப்பவே சரிப்படுத்தியாச்சு. மாமாவ யாரும் தேடல்ல, முந்தியும் தேடல்ல. கண்டியில சண்டையும் இல்ல. அதனால மாமாக்கு அங்க ஆபத்து இல்ல. நாலு கிழமைக்குள்ள...” அவள் நிறுத்தினாள். திரும்ப வாசித்தாள், உதடு மட்டும் அசைந்தது. அப்போதுதான் என்னைக் கண்டாள். “அப்பா, நான் பிழையா வாசிக்கிறேனா? திரும்பிப் போகணும்னு போட்டிருக்கு.”

நான் அவள் கையிலிருந்து கடதாசியை வாங்கிப் பார்த்தேன். அவள் ஒரு பிழையும் விடவில்லை. என்னுடைய இரண்டு பக்கத்தையும் எடுத்து, அதற்குள் இருந்த ஒவ்வொரு வரியையும் நம்பி, அதை வைத்தே அவனை அனுப்புகிறார்கள்.

“அப்பீல் பண்ணலாம் மச்சான்” என்றேன். “நாளைக்கே வக்கீலுக்குப் பேசுறேன். நான் நேர்ல வந்து சொல்றேன்...”

சிவநேசன் கடதாசியைப் பார்க்கவில்லை. திரும்பிப் போவதைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

“ரெண்டாம் நாளோ?”

“ஆமா.”

“ஞாயிறு பிடிச்சவங்கள். அப்ப திங்கள்.”

“ஆமா. திங்கக்கெழம காலையில.”

தர்ஷினி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தாள். அவளுடைய முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. சிவநேசன் விரலை விட்டு எண்ணினான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். கணக்கு வாத்தி, அவனுக்கு விரல் தேவையில்லை. ஆனாலும் எண்ணினான்.

“திங்கள் நான் கண்டியிலதானே மச்சான் இருந்தனான்” என்றான்.